விதியைத் திருத்தும் உரிமை

ஒரு நிறுவனம் மக்களுக்குத் தரும் எந்தப் பொருளும் எந்தச் சேவையும், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிச் செல்லும் பல பணிகளின் தொடராகவே உருப்பெறுகிறது. விண்ணப்பத்தைப் பெறுதல், சரிபார்த்தல், ஒப்புதல் அளித்தல், வழங்குதல் என்று நீளும் அந்தத் தொடரையும், அதில் யார் எதை எப்போது எவ்வாறு செய்ய வேண்டும் என்று வகுத்துரைக்கும் விதிகளையும் சேர்த்தே மேலாண்மை அறிஞர்கள் தொழிற்செயல்முறை என்கின்றனர். எவ்வளவு கவனத்துடன் வகுக்கப்பட்டாலும், அதை வகுப்பவரின் கண்முன் இருப்பது பெரும்பாலும் சராசரி நேர்வு மட்டுமே. அதைச் செயல்படுத்துபவரின் முன்னால் வந்து நிற்பவரோ ஒவ்வொரு முறையும் தனி மனிதர், அவருடைய சூழலும் தனி.

இந்த இடைவெளியை அடைக்க நிறுவனங்கள் நூறாண்டுக்கும் மேலாக இரண்டு வழிகளை மாறி மாறிக் கையாண்டு வந்துள்ளன. விதிகளைப் பெருக்கி, ஒவ்வொரு விதிவிலக்குக்கும் மேலிடத்து ஒப்புதலைக் கட்டாயமாக்குவது ஒன்று. விதிகளைத் தளர்த்தி, எல்லாவற்றையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவது மற்றொன்று. முன்னது வேலை செய்பவரின் அறிவை வீணடிக்கிறது. பின்னது தரத்தையும் நேர்மையையும் ஆளுக்கு ஆள் மாறுபடச் செய்கிறது. நெகிழ்வான, மனிதரை மையமாகக் கொண்ட செயல்முறைகளை உண்மையிலேயே உருவாக்கிக் காட்டிய நிறுவனங்களின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், விதிகள் பலவா சிலவா என்பதைப் பற்றி அவை அதிகம் கவலைப்படவில்லை என்பதும், வேலையைச் செய்பவரே அதன் விதியைத் திருத்த இடம் உண்டா என்ற கேள்வியிலேயே அவற்றின் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருந்தன என்பதும் தெரியவரும்.

கடிகாரம் யார் கையில்?

அமெரிக்கப் பொறியாளர் பிரடெரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட ‘அறிவியல்முறை மேலாண்மையின் கொள்கைகள்’ என்னும் நூல், வேலையைத் திட்டமிடுவதையும் அதைச் செய்வதையும் இரு வேறு மனிதர்களின் பொறுப்பாகப் பிரித்தது. பொறியாளர் கடிகாரத்துடன் நின்று ஒவ்வோர் அசைவையும் அளந்து, ‘ஒரே சிறந்த முறை’யைக் கண்டறிந்து எழுதித் தருவார், தொழிலாளி அதன்படி நடப்பார். மேஸ்திரியின் தன்னிச்சையான ஆட்சியையும் ஊகத்தின் அடிப்படையிலான கூலி நிர்ணயத்தையும் டெய்லர் எதிர்த்தார் என்பதையும், உயர்ந்த உற்பத்திக்கு உயர்ந்த கூலி தரப்பட வேண்டும் என்று வாதிட்டார் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அவருடைய முறை, வேலையைப் பற்றிய சிந்தனை முழுவதையும் வேலை நடக்கும் இடத்திலிருந்து எடுத்துத் திட்ட அலுவலகத்தில் குவித்தது. இன்றைய அலுவலக மென்பொருள்களில் பாதியளவேனும், கடிகாரத்தின் இடத்தில் கணினியை வைத்து, இதே பிரிவினையைத் தொடர்கின்றன என்று துணிந்து கூறலாம்.

இப்பிரிவினைக்கு எதிரான முதல் வலுவான சான்று நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கிடைத்தது. 1946இல் லண்டனில் தொடங்கப்பட்ட டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்டும், சுரங்கத்தில் பல்லாண்டு வேலை செய்த பின் ஆய்வாளரான கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இயந்திரமயமான பிரிட்டிஷ் சுரங்கங்களில் எதிர்பார்த்த அளவுக்கு உற்பத்தி உயராததன் காரணத்தை ஆராய்ந்தது. பழைய முறையில், தாங்களே ஒருவரையொருவர் தேர்ந்துகொண்ட இரண்டு மூன்று பேர், வெட்டுவது முதல் அள்ளுவது வரை முழு வேலைக்கும் பொறுப்பேற்றனர். மண்ணுக்கடியில் நிலைமை மாறும்போதெல்லாம் வேகத்தையும் முறையையும் அவர்களே மாற்றிக்கொண்டனர். கன்வேயர் பட்டை வந்ததும், நீண்ட நிலக்கரி முகப்பில் ஏறத்தாழ 40 பேர் மூன்று ஷிப்டுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு ஷிப்டு வெட்டியது, ஒன்று பட்டையை நகர்த்தி அமைத்தது, ஒன்று நிலக்கரியை நிரப்பியது. முந்தைய ஷிப்டு விட்டுச்சென்ற குறை அடுத்த ஷிப்டின் தலையில் விழுந்தது; இருளில் பரவி நின்ற ஆட்களை மேற்பார்வையாளரால் ஒருங்கிணைக்க முடியவில்லை; வேலைக்கு வராமையும் மன உளைச்சல் சார்ந்த நோய்களும் பெருகின.

இதே காலத்தில் தெற்கு யார்க்‌ஷயரின் ஹெய்மூர் நிலக்கரிப் படுகையில், தொழிலாளர்களும் உள்ளூர் நிர்வாகமும் கலந்து பேசி, புதிய இயந்திரங்களைக் கைவிடாமலேயே பழைய குழுமுறையை மீட்டெடுத்திருந்ததை டிரிஸ்ட் கண்டார். குழுவினர் தங்களுக்குள் வேலைகளை மாற்றிக்கொண்டனர். ஷிப்டுகளைத் தாங்களே ஒழுங்குசெய்தனர். ஒரே தொழில்நுட்பத்தைச் சுற்றி வெவ்வேறு வேலை அமைப்புகளைக் கட்ட முடியும் என்பதும், இயந்திரத்தையும் மனித உறவுகளையும் ஒருசேர வடிவமைத்தால்தான் இரண்டும் நன்கு இயங்கும் என்பதும் இதிலிருந்து தெளிவாயின. ‘சமூக-தொழில்நுட்ப அமைப்பு’ என்று பின்னர் பெயர்பெற்ற கோட்பாட்டின் பிறப்பிடம் இதுவே. பல்கலைக்கழக அறிஞர் கண்டுபிடித்த கோட்பாடாக அது கற்பிக்கப்படுகிறது. அதை முதலில் நடைமுறையில் கண்டவர்கள் நிலக்கரி வெட்டியவர்கள் என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

அகமதாபாத்தின் தறிக்கூடம்

இக்கோட்பாட்டின் மிக நுட்பமான சோதனைகளுள் ஒன்று இந்தியாவில் நடந்தது என்பது இந்திய மேலாண்மைக் கல்வியிலேயே போதிய அளவு பேசப்படுவதில்லை. சாராபாய் குடும்பத்தின் பொறுப்பிலிருந்த அகமதாபாத் காலிகோ ஆலை, 1952இல் தானியங்கித் தறிகளை நிறுவியது. தறிகள் புதியவை, அவற்றுக்குரிய பணிப்பகிர்வும் பொறியாளர்களின் கணக்குப்படி துல்லியமாகவே வகுக்கப்பட்டிருந்தது, இருப்பினும் உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை, துணியில் பழுதும் குறையவில்லை. 1953இல் ஆலையின் அழைப்பை ஏற்று வந்த டாவிஸ்டாக் ஆய்வாளர் ஏ. கே. ரைஸ், பழுதைத் தறியிலோ தொழிலாளியிலோ தேடாமல் அவற்றை இணைத்த அமைப்பில் தேடினார்.

224 தறிகள் கொண்ட அந்தக் கூடத்தில் 29 தொழிலாளர் 12 வகையான வேலைகளில் பிரிந்திருந்தனர். ஒரு நெசவாளரின் பொறுப்பில் 24 முதல் 32 தறிகள் இருந்தன. ஊடை நூல் தார்களை நிரப்புபவர் 40 முதல் 50 தறிகளைக் கவனித்தார். பாவு இழைகள் கூட்டமாக அறுந்தால் அவற்றைச் சீர்செய்பவர் 60 முதல் 80 தறிகளுக்குப் பொறுப்பானவர். எண்ணெய் இடுபவர், கூட்டுபவர், துணி சுமப்பவர் போன்றோர் கூடம் முழுவதற்கும் பொதுவானவர்கள். ஒவ்வோர் எண்ணும் தனித்தனியே பார்த்தால் நியாயமானதே. ஆனால் ஒரு குறிப்பிட்ட தறியை எடுத்துக்கொண்டால், அதைச் சுற்றி வேலை செய்த நெசவாளரும் தார் நிரப்புபவரும் இழை சீர்செய்பவரும் ஒரே அணியைச் சேர்ந்தவர்களாக இல்லை; நெசவாளர் ஒருவர் தம் தறிகள் ஓட வேண்டுமெனில் வெவ்வேறு பேரை நாட வேண்டியிருந்தது, அவர்களோ வேறு நெசவாளர்களுக்கும் கடன்பட்டிருந்தனர். பொறுப்பு எல்லோரிடமும் சிதறியிருந்தது. எந்தத் தறி நின்றாலும் அது முழுமையாக எவருடைய கவலையாகவும் இல்லை.

குறிப்பிட்ட ஒரு தறித் தொகுதிக்கு, தேவையான எல்லாத் திறன்களையும் தன்னுள் கொண்ட ஒரே குழு பொறுப்பேற்றால் என்ன என்பதுதான் ரைஸ் முன்வைத்த யோசனை. மேற்பார்வையாளர்களிடமும் தொழிலாளர்களிடமும் அது பேசப்பட்டதும், விவரமான திட்டம் எழுதப்படும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. மிகக் குறுகிய நேரத்திலேயே தங்களைத் தாங்களே ஏழு ஏழு பேராகக் குழு சேர்த்துக்கொண்டு, குழுத் தலைவர்களையும் தேர்ந்துகொண்டு, ஆலை நிர்வாகத்திடம் வந்துவிட்டனர். தொடக்கத்தில் ஏற்ற இறக்கங்கள் இருந்தன. வேகத்தைக் கூட்டும் ஆர்வத்தில் பராமரிப்பு பின்தங்கிய நாட்களும் உண்டு. முறை நிலைபெற்றபின், தறிக்கூடத்தின் திறன் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பழுதான துணியின் அளவு ஏறத்தாழ 32 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. தறி மாறவில்லை, நூல் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை.

இந்த நிகழ்வில் சிறப்பாகக் கருதத்தக்கது எண்ணிக்கை உயர்ந்தது மட்டுமன்று. எழுத்தறிவு குறைந்தவர்கள், மேலிருந்து வரும் கட்டளைக்குப் பழகியவர்கள் என்று கருதப்பட்ட தொழிலாளர்கள், தங்கள் வேலையின் அமைப்பைப் பற்றி ஏற்கெனவே தெளிவான எண்ணம் கொண்டிருந்தனர். கேட்கப்படாததால் அது வெளிப்படாமல் இருந்தது. 1920ஆம் ஆண்டு முதலே வலுவான தொழிற்சங்கத்தைக் கண்டிருந்த அகமதாபாத்தில் இது வியப்புக்குரியதும் அல்ல. பின்னர் 1970 வாக்கில் எரிக் மில்லர் என்னும் ஆய்வாளர் மீண்டும் அங்குச் சென்றபோது, ஒரு கூடத்தில் குழுமுறை பெரிதும் மாறாமல் நிலைத்திருந்ததையும், வேறு கூடங்களில் சந்தை நெருக்கடியும் நிர்வாகத்தின் தலையீடும் கூடியபோது அது சிதைந்திருந்ததையும் கண்டு எழுதினார். நல்ல அமைப்பு ஒருமுறை நிறுவப்பட்டால் தானே நிலைக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்த மறு ஆய்வு இடம் தரவில்லை.

எழுதப்பட்ட விதியும் நெகிழ்வும்

குழுவுக்குத் தன்னாட்சி தந்தால் தரப்படுத்தல் குலையும் என்பது பொறியாளர்கள் அடிக்கடி எழுப்பும் ஆட்சேபம். அதற்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது. அதன் வேரும் ஒரு தறியில்தான் இருந்தது. சாகிச்சி டொயோடா 1924இல் நிறைவு செய்த தானியங்கித் தறி, இழை அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும். பழுதான துணியை நெய்துகொண்டே போகாது. பிற்காலத்தில் டொயோட்டா கார் ஆலைகளின் உற்பத்தி முறையை வகுத்த டாயிச்சி ஓனோ, தம் பணி வாழ்வை அந்தக் குடும்பத்தின் நெசவாலையில் தொடங்கியவர். பழுது நேர்ந்ததும் நின்றுவிடும் தறியின் இயல்பு, கார் ஆலையில் தொழிலாளியின் உரிமையாக மாறியது. குறை கண்ட எவரும் தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே ஓடி வருவார். அந்தப் பணியிடத்தின் எல்லையைக் கார் கடப்பதற்குள் குறை தீராவிட்டால் வரிசையே நிற்கும்.

இம்முறை ஜப்பானியருக்கு மட்டுமே பொருந்தும் என்ற கருத்தை கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரம் பொய்யாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸின் மிகச் சிக்கலான ஆலைகளுள் ஒன்றாகப் பெயர்பெற்றிருந்த அங்குள்ள ஆலையில் நாள்தோறும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நிலை இருந்தது. 1982இல் அது மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக ‘நூமி’ என்ற பெயரில் அதை மீண்டும் திறந்தபோது, பழைய தொழிலாளர்களே, பழைய தொழிற்சங்கத்துடன், பெரும்பான்மையாக வேலைக்கு எடுக்கப்பட்டனர். 80க்கும் மேற்பட்ட வேலை வகைப்பாடுகள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவாகச் சுருக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் உற்பத்தித் திறன் பழைய ஆலையைப் போல் ஏறத்தாழ இருமடங்கானது. வேலைக்கு வராதோர் விகிதம் 3, 4 விழுக்காட்டுக்கு இறங்கியது.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பால் ஆட்லர் 1993இல் எழுதிய ஆய்வு, இதன் உள்ளியக்கத்தை விளக்கியது. நூமியில் விதிகள் குறையவில்லை. ஒவ்வொரு வேலையின் ஒவ்வோர் அசைவும் நொடிக்கணக்கில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் கடிகாரத்தைப் பிடித்து அளந்தவர்களும், எது பாதுகாப்பானது, எது எளிது என்று ஒப்பிட்டு விதியை எழுதியவர்களும், மேம்பட்ட வழி தெரிந்தபோது அதைத் திருத்தியவர்களும் குழுவின் தொழிலாளர்களே. ஆட்லரும் பிரையன் போரிஸும் 1996இல் இதிலிருந்து ஒரு பொதுவான வேறுபாட்டை வகுத்தனர்: ஊழியர் தவறு செய்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் எழுதப்படும் விதி அடக்கும் விதி, அவர் தம் வேலையைத் தேர்ச்சியுடன் செய்யத் துணையாக எழுதப்படும் விதி கைகொடுக்கும் விதி. முன்னதில் விதிவிலக்கு ஒரு குற்றம். பின்னதில் அது அடுத்த திருத்தத்துக்கான தகவல். நெகிழ்வைப் பற்றிய விவாதங்களில் இத்துணைத் தெளிவான வேறுபாடு வேறெங்கும் காணக்கிடைப்பது அரிது.

நூமியின் ஒப்பந்தத்தில் இருந்த மற்றொரு கூறு பலராலும் கவனிக்கப்படாமல் போகிறது. ஆட்குறைப்புக்கு முன்பாக மேலதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்பது, வெளியே தரப்பட்ட வேலையைத் திரும்பப் பெறுவது ஆகிய வழிகளை நிர்வாகம் கையாள வேண்டும் என்று அது கூறியது. 1980களின் இறுதியில் விற்பனை சரிந்தபோது, தொழிலாளர்கள் நீக்கப்படாமல் பயிற்சிக்கும் செயல்முறை மேம்பாட்டுக்கும் அனுப்பப்பட்டனர். தன் வேலையை எளிதாக்கும் வழியைச் சொன்னால் தன் வேலையே போய்விடும் என்று அஞ்சும் தொழிலாளி எதையும் சொல்ல மாட்டார் என்பது வெளிப்படை. அச்சத்தை நீக்கிய பின்னரே யோசனைகளைக் கேட்க வேண்டும். 2010இல் நூமி மூடப்பட்டதற்குக் காரணம் ஜெனரல் மோட்டார்ஸின் திவாலும் டொயோட்டாவின் முடிவுமே தவிர, ஆலையின் வேலைமுறை அல்ல.

நூமியின் வழிக்கு மாறாக, 1990இல் மைக்கேல் ஹாமர் முன்வைத்து, பின்னர் ஜேம்ஸ் சாம்பியுடன் 1993இல் நூலாக விரித்த ‘மறுபொறியியல்’ என்னும் கொள்கை, பழைய செயல்முறைகளைத் துடைத்தெறிந்துவிட்டு வெற்றுத்தாளில் புதிதாக எழுதும்படி அறிவுறுத்தியது. அதன் அடிப்படைக் கண்டுபிடிப்பு சரியானதே: துறைவாரியாகச் சிதறிய வேலையை வாடிக்கையாளரின் பக்கமிருந்து ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் நடைமுறையில் அது ஆலோசகர்கள் எழுதித்தர ஊழியர்கள் வெளியேற்றப்படும் ஏற்பாடாகச் சுருங்கியது. மனிதக் கூறுக்குத் தாம் போதிய இடம் தரவில்லை என்று ஹாமரே சில ஆண்டுகளில் ஒப்புக்கொண்டார்.

செவிலியரின் பத்து நிமிடம்

வேலையைத் துண்டாக்கும் முறை ஆலைகளோடு நின்றுவிடவில்லை. நெதர்லாந்தில் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் வீட்டிலேயே சிகிச்சை தரும் மாவட்டச் செவிலியர் பணி, 1990களில் பெரிய நிறுவனங்களாக இணைக்கப்பட்டு, ‘பொருள்’களாகப் பிரிக்கப்பட்டது. ஊசி போட இத்தனை நிமிடம், குளிப்பாட்ட இத்தனை நிமிடம், காலுறை மாற்ற இத்தனை நிமிடம் என்று நேரம் ஒதுக்கப்பட்டது. கடினமான பணிக்கு உயர்தகுதி பெற்றவர், எளிய பணிக்குக் குறைந்த கூலி பெறுபவர் என்று ஆட்களும் பிரிக்கப்பட்டனர். ஒரே முதியவரின் வீட்டுக்கு வாரத்தில் பல முகங்கள் வந்து போயின. அவருடைய உடல்நிலை மெல்ல மாறுவதை முழுமையாகக் கண்டவர் எவரும் இல்லை. துண்டுகளின் விலை குறைந்தது, முழுமையின் செலவு ஏறியது.

செவிலியராகவும் பின்னர் அத்தகைய நிறுவனமொன்றின் நிர்வாகியாகவும் பணியாற்றிய யோஸ் டெ பிளாக், 2006இல் சில தோழர்களுடன் ‘பியூர்ட்ஸோர்க்’ என்னும் லாபநோக்கற்ற அமைப்பை ஒரேயொரு குழுவுடன் தொடங்கினார். அதிகபட்சம் 12 செவிலியர் கொண்ட குழு ஒரு சிறு வட்டாரத்தின் ஏறத்தாழ 50, 60 பேருக்குரிய பராமரிப்பு முழுவதையும் ஏற்கிறது. யாரை வேலைக்கு எடுப்பது, யார் எந்த நாளில் வருவது, மருத்துவரோடும் அண்டை அயலாரோடும் எவ்வாறு இணைந்து செயல்படுவது, அலுவலகத்தை எங்கு வாடகைக்கு எடுப்பது என்பன யாவும் குழுவின் முடிவு. குழுவுக்கு மேலாளர் கிடையாது. கேட்டால் ஆலோசனை சொல்லும், ஆனால் ஆணையிடும் அதிகாரமற்ற பயிற்றுநர் உண்டு. ஏறத்தாழ 10,000 செவிலியராக வளர்ந்தபோதும் தலைமை அலுவலகத்தில் இருந்தவர்கள் 50 பேர் அளவினரே.

இதைக் கேட்டு, விதியே இல்லாத அமைப்பு என்று முடிவு செய்வது தவறாகும். குழுவின் அளவுக்கு உச்சவரம்பு உண்டு. நோயாளிகளோடு செலவிட வேண்டிய நேரத்துக்குக் குறைந்தபட்ச விகிதம் உண்டு. நோயாளியின் நிலையைப் பதிவு செய்ய ‘ஒமாஹா முறை’ எனப்படும் பொதுவான வகைப்பாடு உண்டு. குழுவில் பூசல் வந்தால் பேசித் தீர்க்கும் முறையில் எல்லோருக்கும் பயிற்சி உண்டு. ஒவ்வொரு குழுவும் தன் நிதிநிலையையும் செயல்பாட்டையும் மற்றக் குழுக்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வகையில் மென்பொருள் அமைக்கப்பட்டுள்ளது. அது செவிலியரின் தேவையை ஒட்டியே வளர்க்கப்பட்டது. விதிகள் எல்லையைக் குறிக்கின்றன. எல்லைக்குள் நடக்கும் பாதையை அவை குறிப்பதில்லை.

விளைவுகளை மதிப்பிட்டவர்களின் முடிவுகள் ஆர்வத்துக்குரியவை. அனுமதிக்கப்பட்ட பராமரிப்பு நேரத்தில் மற்ற நிறுவனங்கள் சராசரியாக 70 விழுக்காட்டைப் பயன்படுத்தியபோது பியூர்ட்ஸோர்க் ஏறத்தாழ 40 விழுக்காட்டையே பயன்படுத்தியதாக 2009இல் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம் கணித்தது. தேர்ச்சி பெற்ற செவிலியருக்கு மணிக்கூலி அதிகம். ஆயினும், நோயாளி தாமாகவே செய்துகொள்ளக் கூடியவற்றை அவருக்குக் கற்றுத்தந்து, குடும்பத்தாரையும் அக்கம்பக்கத்தாரையும் ஈடுபடுத்தி, செவிலியரால் விரைவில் விலகிக்கொள்ள முடிந்தது. முதல் பத்து நிமிடம் காப்பி அருந்திப் பேசுவது நேர விரயம் என்று பட்டியல் போட்டவர்கள் கருதினர். நோயாளியின் வாழ்க்கையை அறியும் அந்தப் பேச்சே பின்னர் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. 2015இல் கேபிஎம்ஜி நடத்திய விரிவான ஆய்வு, வீட்டுப் பராமரிப்பில் பியூர்ட்ஸோர்க்கின் சிக்கனத்தை உறுதி செய்தாலும், மருத்துவமனை முதலிய பிற செலவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தச் செலவு நாட்டின் சராசரியை ஒட்டியதே என்று கண்டது. அதே செலவில் நிறைவான பராமரிப்பும் மனநிறைவு கொண்ட செவிலியரும் கிடைக்கின்றனர் என்பதே போதிய சாதனை. அதற்கு மேல் அற்புதங்களை ஏற்றிச் சொல்லத் தேவையில்லை.

இம்முறையைப் பின்பற்ற லண்டன் மருத்துவ அறக்கட்டளையொன்று முயன்றபோது, நோயாளிகளும் மருத்துவர்களும் புதிய குழுவைப் பாராட்டினர். ஆனால் பெரிய அமைப்பின் ஒப்புதல் முறைகளும் பதிவு முறைகளும் பழையபடியே இருந்ததால் குழு திரும்பத் திரும்ப அவற்றோடு மோத நேர்ந்தது. சுற்றிலும் உள்ள ஆணைத்தொடர் மாறாமல் நடுவே ஒரு தன்னாட்சிக் குழுவை மட்டும் பொருத்துவதில் உள்ள இடர் இதுவே.

மதுரையில் கண்டறிந்த 7 விழுக்காடு

மனித மையம் என்பதில் வேலை செய்பவரைப் போலவே சேவை பெறுபவரும் அடங்குவர். இந்தப் பக்கத்தை ஆராய மதுரையைவிடச் சிறந்த இடம் குறைவு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவைச் சிகிச்சையைப் படிப்படியாகப் பகுத்து, கிராமங்களிலிருந்து வரும் இளம்பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி தந்து, பரிசோதனை முதல் அறுவைக்கான ஆயத்தம் வரை பல பணிகளை அவர்களிடம் ஒப்படைத்தது. மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடிக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயில் பெருந்தொகையினருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பார்வை கிடைக்கிறது. இதை ஆலை உற்பத்தியோடு ஒப்பிட்டு எழுதாத மேலாண்மை நூல் அரிது.

ஆனால் அரவிந்தின் பெருமைக்குரிய கூறு, அந்தத் துல்லியமான உள்நடைமுறையைக் காட்டிலும், மருத்துவமனையின் வாசலுக்கு வெளியே அது தன்னைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டதில் இருக்கிறது. இலவச அறுவை என்று அறிவித்த பின்னரும் பலர் வராததன் காரணத்தைத் தேடியபோது, பேருந்துக் கட்டணம், சாப்பாடு, இழக்கும் நாள்கூலி, துணைக்கு வர ஆளின்மை ஆகியவையே தடை என்று தெரிந்தது. போக்குவரத்தும் உணவும் மருத்துவமனையின் பொறுப்பாயின. முகாம்கள் நடந்த பகுதிகளில் கண் பாதிப்பு உள்ளவர்களில் 7 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வருகின்றனர் என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. நூற்றுக்கணக்கில் மக்கள் திரளும் முகாமைக் கண்டு நிறைவடைந்திருக்கக்கூடிய அமைப்பு, நூற்றுக்கு 93 பேருக்கும் மேலாக வராமலிருந்தவர்களைக் கணக்கில் எடுத்தது. 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்கள் தொடங்கப்பட்டன. பயிற்சி பெற்ற பெண் பணியாளர் அங்கேயே கண்ணைச் சோதிக்கிறார், தலைமை மருத்துவமனையிலுள்ள மருத்துவர் காணொளி வழியே நோயாளியுடன் பேசி முடிவு சொல்கிறார். அந்த மையங்களின் எண்ணிக்கை இன்று 100ஐத் தாண்டிவிட்டது. வந்தவர்களை மட்டும் கருத்தில் கொண்டு செயல்முறையை மேம்படுத்தும் நிறுவனங்களே உலகில் பெரும்பான்மை. வர முடியாமற்போனவர்களைத் தேடிச்சென்று எண்ணும் பழக்கம் அரிதினும் அரிது.

மென்பொருளில் உறையும் விதி

முற்காலத்தில் விதிகள் கையேட்டில் இருந்தன. அனுபவமுள்ள எழுத்தர் சூழலைக் கண்டு அவற்றை வளைத்துப் பொருள்கொள்ள முடிந்தது. இன்று அவை திரையில் உள்ளன. நிரப்பப்படாத ஒரு கட்டம் இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது. கட்டத்துக்குள் அடங்காத உண்மைக்கு இடமில்லை. முகவரிச் சான்று இல்லாத குடியானவரும், விரல்ரேகை தேய்ந்த கூலித்தொழிலாளியும் திரையின் முன் நிற்கும்போது, எதிரே இருக்கும் ஊழியருக்கு அவர்களுடைய நிலை நன்கு புரிகிறது; அவரால் எதையும் செய்ய முடிவதில்லை. அந்தத் திரையை மாற்றச் சொல்லும் அதிகாரமோ, சொன்னால் கேட்கும் ஆளோ அவருக்கு இல்லை. டெய்லரின் பிரிவினை இதைவிட முழுமையாக எக்காலத்திலும் நிறைவேறியதில்லை.

மாற்று வழி கடினமானதே. மேலாளர் தம் அதிகாரத்தின் ஒரு பகுதியை உண்மையாகவே விட்டுக்கொடுக்க வேண்டும். விதியைப் பற்றிச் சிந்திக்கவும் சோதித்துப் பார்க்கவும் ஊழியருக்கு வேலை நேரத்திலேயே அவகாசம் தர வேண்டும். மேம்பாட்டின் பலனால் எவரும் வேலையிழக்க மாட்டார் என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். பணம், பாதுகாப்பு, தரம் ஆகியவற்றின் எல்லைகளை மேலிடம் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்க வேண்டும். சிறு குழுக்களே முழுக் காரையும் பூட்டும் வகையில் 1989இல் வால்வோ நிறுவனம் ஸ்வீடனின் உத்தேவல்லாவில் தொடங்கிய ஆலை, நான்கே ஆண்டுகளில், சந்தை சரிந்த வேளையில், மூடப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மனித மையச் செயல்முறை பொருளாதார நெருக்கடிக்கு எதிரான கவசம் அல்ல. நெருக்கடி வரும்போது எதை முதலில் வெட்டுவது என்ற முடிவு அப்போதும் சிலரது கையிலேயே இருக்கிறது.

ஆகவே, வங்கியிலோ மருத்துவமனையிலோ அரசு அலுவலகத்திலோ ஆலையிலோ புதிய செயல்முறைக்கோ புதிய மென்பொருளுக்கோ ஒப்பந்தம் இடும் பொறுப்பில் உள்ளவர்கள், கையொப்பமிடும் முன் அந்த வேலையை அன்றாடம் செய்பவர்களை அழைத்து உட்காரவைத்து, எது தடுக்கிறது என்று கேட்கட்டும். அவர்கள் சொன்னதை வரைவில் சேர்க்கட்டும். நடைமுறைக்கு வந்த பின்னும் அதைத் திருத்தும் உரிமையை அவர்களுக்கு ஒப்பந்தத்திலேயே எழுதித் தரட்டும். ஊழியர் சங்கங்களும் ஊதிய உயர்வோடு சேர்த்து இந்த உரிமையையும் பேச்சுவார்த்தை மேசையில் கேட்க வேண்டும்.